சிட்டையா, ஷீட்டா? பாதிப் பார்சல் கேரளாவுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு

கம்பம் ஏலவாசம் கேட்டது:

வணக்கம். கம்பத்திலிருந்து ஏலக்காய், மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி ஆன்லைனில் விற்கிறோம். வாட்ஸ்அப் ஆர்டர்தான் அதிகம், அடுத்து இன்ஸ்டாகிராம், கூடவே ஒரு மார்க்கெட்பிளேஸ் (பல கடைகள் விற்கும் ஆன்லைன் சந்தை). சாதாரண நாளில் 25 முதல் 30 பார்சல். ஓணம், தீபாவளி சமயத்தில் 80 வரை போகும். பாதி கோட்டயம், பத்தனம்திட்டா, எர்ணாகுளம் பக்கம், மீதி தமிழ்நாடு. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன்.

கணக்கு மொத்தமும் லாங் சைஸ் இரண்டு குயர் நோட்டில்தான். தேதி, பெயர், ஊர், சரக்கு, தொகை. காலாண்டு முடிந்ததும் ஆடிட்டர் எக்செல் கேட்கிறார். நோட்டைப் பார்த்து டைப் அடிக்க மூன்று நாள் ஆகிறது, அதற்குப் பிறகும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. பேக்கிங் மேஜையில் இருவர். கம்ப்யூட்டர் பழக்கமில்லை, ஆனால் இருவர் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆடிக் காற்றில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நோட்டை மூடிவிட்டு முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போகலாமா? பேப்பரில் வைத்தே ஆக வேண்டியது ஏதாவது உண்டா? பழைய நோட்டு, பில் எல்லாம் எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

பேரேடு33 சொன்னது:

உங்கள் நோட்டில் ஊர் இருக்கிறது, மாநிலம் இல்லை. மூன்று நாள் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. தமிழ்நாட்டுப் பார்சலுக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) இரண்டரை சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) இரண்டரை சதவீதம். அதே ஏலக்காய் குமுளி மலை ஏறிவிட்டால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) ஐந்து சதவீதம். வாடிக்கையாளர் கையில் இருந்து வாங்கும் பணம் ஒன்றுதான், ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைப் படிவத்தில் சில்லறை விற்பனையை மாநிலவாரியாக, வரிவிகிதவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மாநிலம் இல்லாத நோட்டின் கூட்டுத்தொகை அந்தப் படிவத்துக்கு உதவாது. கேரளப் பார்சலுக்குத் தவறி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டிவிட்டால், சட்டப்படி ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதை ரீஃபண்டாகக் கேட்க வேண்டும். அந்த ஐஜிஎஸ்டிக்கு வட்டி கேட்க மாட்டார்கள் என்றாலும் ரீஃபண்ட் வரும்வரை முதல் முடங்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்கும் சரக்குக்கு மட்டும். கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ வரி உள்ள சரக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு கட்டாயம். அரசு பட்டியலிட்ட சில கைவினைப் பொருள்களுக்குத்தான் இதில் விலக்கு. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகருக்கான எளிய வரித் திட்டம்) இருப்பவர்கள் எல்லை தாண்டி விற்கவே முடியாது. எல்லையோரத்துக் கடைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இனி உங்கள் கேள்வி. முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டாம். உங்கள் மேஜைக்கு அது ஒத்துவராது. நோட்டிலும் ஷீட்டிலும் ஒரே விவரத்தை இரண்டு முறை எழுதவும் வேண்டாம். எழுதினால் இரண்டும் ஒட்டாது, எது சரி என்ற சண்டையே வேலையாகிவிடும். ஒவ்வொரு விவரமும் முதலில் எங்கே எழுதப்படுகிறது என்பதை முடிவு செய்யுங்கள், அடுத்த இடத்துக்குப் போவது அதன் நகல் மட்டும்.

25 பார்சலுக்கு மேல் போகும் கடைக்கு நான் சொல்லும் முறை இது. போனைக் கவனிப்பவர் பணம் வந்ததை உறுதி செய்ததும் ஷீட்டில் ஒரு வரி போடுகிறார்: பில் எண், தேதி, பெயர், முழு முகவரி, பின்கோடு, மாநிலக் குறியீடு, சரக்கு, கிராம், வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தம், யுபிஐ எண் (பணம் வந்த பரிவர்த்தனையின் எண்), ஆர்டர் வந்த வழி. மாநிலக் குறியீட்டைக் கையால் அடிக்காமல் டிராப்டவுன் வைத்துத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு 33, கேரளா 32, ஆந்திரா 37. கேரள முகவரியில் கதவு எண் பெரும்பாலும் வராது. வீட்டுப் பெயர், போஸ்ட் ஆபீஸ் பெயர், பின்கோடு மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தால்தான் பார்சல் திரும்பி வராது. மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜாக வரும் முகவரியை அப்போதே எழுத்தாக்கிவிடுங்கள். ஒலியில் எதையும் தேடி எடுக்க முடியாது.

காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் அந்த ஷீட்டிலிருந்து பில் எண், பெயர், பின்கோடு, சரக்கு, கிராம் மட்டும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து மேஜைக்குக் கொடுங்கள். வலப்பக்கம் மூன்று காலிக் கட்டம்: பேட்ச் எண் (எந்தக் கொள்முதலின் சரக்கு என்பது), தராசு காட்டிய எடை, கூரியர் எண். முத்தான கையெழுத்து இருப்பவர்களுக்கு அதுதான் வேலை. பாக்கெட்டின் அடிமூலையில் மார்க்கர் பேனாவால் பில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். கூரியர் பையன் வரும்போது தாளின் அடியில் "மொத்தம் 28" என்று எழுதி, நேரம் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பார்சல் தொலைந்து "எங்களிடம் 27 தான் வந்தது" என்று பேச்சு வந்தால் இந்தக் கையெழுத்துதான் உங்கள் பக்கம் நிற்கும். உங்கள் ஷீட்டை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

சாயங்காலம் அந்த மூன்று கட்டங்களை மட்டும் ஷீட்டில் ஏற்றினால் போதும். 30 வரிக்கு இருபது நிமிடம். தாளைத் துளையிட்டுத் தேதிவாரியாக பாக்ஸ் ஃபைலில் போடுங்கள்.

கரண்ட் இல்லாத நாளுக்கு கார்பன் பில் புத்தகம் ஒன்று மேஜை டிராயரில் இருக்கட்டும், தனி வரிசை எண்ணோடு. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி இடம் தருகிறது. ஒவ்வொரு வரிசையும் அந்த நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, எழுத்தும் இலக்கமும் போக இடைக்கோடும் சாய்கோடும் மட்டும் அனுமதி. கரண்ட் வந்ததும் கார்பன் பில்களை அவற்றின் எண்ணோடே ஷீட்டில் ஏற்றுங்கள், கம்ப்யூட்டர் வரிசையில் புது எண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒரே விற்பனை இரண்டு பில்லாக நிற்கும், வரியும் இருமுறை விழும்.

கோபாலபுரம் கொப்பரை சொன்னது:

பேரேடு அண்ணன் முறை 25 பார்சலுக்கு மேல் சரி. ஒரு நாளைக்குப் பத்துக்குள் நிற்கும் கடைக்கு பிரிண்ட் வேலை வீண். சிட்டையில், அதாவது அன்றாடக் குறிப்பு நோட்டில், முதலில் எழுதி, ராத்திரி ஷீட்டுக்கு நகலெடுப்பதே போதும். ஆனால் சிட்டையிலும் பில் எண், பின்கோடு, மாநிலம் மூன்றுக்கும் கட்டம் கிழித்தாக வேண்டும். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நான் சொல்ல வந்தது ஷீட் எங்கே காலை வாரும் என்பது. யுபிஐ எண் 12 இலக்கம். எக்செலில் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் 4.12E+11 மாதிரி சுருக்கிக் காட்டும். கட்டத்துக்குள் எண் முழுதாகத்தான் இருக்கும், பயமில்லை. ஆனால் அப்படியே சிஎஸ்வியாக (வெறும் எழுத்து ஃபைலாக) சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் ஃபைலில் பதியும், மீதி இலக்கங்கள் போய்விடும். சுழியத்தில் தொடங்கும் எண்ணாக இருந்தால் முன்சுழியம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட ஆர்டர் எண்ணை வெறும் எண்ணாக ஏற்றினால் பதினாறாவதிலிருந்து எல்லாம் சுழியமாகிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. இப்படிப் போன இலக்கங்கள், ஒட்டிய பிறகு கட்டத்தின் வகையை மாற்றினாலும் திரும்பி வராது. காலி ஷீட்டாக இருக்கும்போதே யுபிஐ எண், கூரியர் எண், ஆர்டர் எண், போன் எண் இந்த நான்கு நெடுவரிசைகளையும் டெக்ஸ்ட் வகைக்கு மாற்றி வைத்துவிடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒட்டவில்லை என்றீர்களே, தொகையை வைத்து ஒட்டவைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் 640 ரூபாய் நான்கு பேர் அனுப்பியிருந்தால் எது யாருடையது? 12 இலக்க எண்ணை வைத்துத் தேடினால் ஒரு மாதத்து வரவை அரைமணியில் ஒட்டிவிடலாம்.

தேதியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் ஆகியிருந்தால் 05-08 என்பது மே 8 ஆகிவிடும். 13-08 என்றால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நோய். மண்டல அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிய பிறகே தட்டத் தொடங்குங்கள்.

பின்கோட்டை வைத்து மாநிலத்தைத் தானாகப் போடும் ஃபார்முலா பலர் வைத்திருப்பார்கள். 60 முதல் 64 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளா, 51 முதல் 53 வரை ஆந்திரா. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாக வரும், ஆனால் சில இடத்தில் ஏமாற்றும். மாஹே 673310. தபால் கண்ணுக்கு அது கேரளா, வரிக் கண்ணுக்குப் புதுச்சேரி, குறியீடு 34. ஏனாமும் அப்படித்தான், 533464 என்று ஆந்திரா போலவே தெரியும். லட்சத்தீவுப் பின்கோடு 682-இல் தொடங்கி எர்ணாகுளம் போலக் காட்டும், ஆனால் குறியீடு 31. 605-இல் புதுச்சேரியும் விழுப்புரம் பக்கமும் கலந்தே கிடக்கும், 609-இல் காரைக்காலும் மயிலாடுதுறையும். ஃபார்முலா போட்டாலும் 605, 609, 682, 673310, 533464 வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி வைத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பதிவில்லாத வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பில்லில் எழுதிய முகவரியின் மாநிலம்தான் வரிக்குக் கணக்கு. 2023 அக்டோபர் 1 முதல் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதனால் முகவரியில் மாநிலப் பெயரை எழுதாமல் விடாதீர்கள்.

ஷீட் போனில் மட்டும் இருக்கக் கூடாது. கூகுள் ஷீட் என்றால் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நகலை எக்செலாக இறக்கிப் பென்டிரைவில், மாதக் கடைசியில் ஒன்று வேறு வீட்டில் இருக்கும் ஹார்டுடிஸ்கில். மின்னணுக் கணக்கு வைப்பவர் அழிந்தாலும் மீட்கும்படி பேக்கப் வைக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதியும்கூட. வாட்ஸ்அப் அரட்டையைப் பேக்கப் என்று நம்பாதீர்கள். வாடிக்கையாளர் மறையும் செய்தி வசதியைப் போட்டிருந்தால் உங்கள் பக்கத்திலும் ஆர்டர் மறைந்துவிடும்.

களியக்காவிளை தேன்கடை சொன்னது:

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2025-26 நிதியாண்டை எடுத்துக்கொண்டால் கடைசித் தேதி 2026 டிசம்பர் 31, ஆக 2032 டிசம்பர் 31 வரை நோட்டும் பில்லும் பத்திரமாக இருக்க வேண்டும். அப்பீல், விசாரணை எதுவும் நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு ஆகும்வரை. 72 மாதம், இந்த ஓராண்டு இரண்டில் எது பிந்தியதோ அது.

கையால் எழுதும் நோட்டுக்கும் விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு நோட்டுக்கும் தொடர் எண் போட வேண்டும்: நோட்டு 1, நோட்டு 2 என்று அட்டையில். எழுதியதை ரப்பரால் அழிக்கவோ வெள்ளை மை பூசவோ மேலெழுதவோ கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, சரியானதை எழுதுங்கள். ஷீட் என்றால் திருத்தியதற்கும் நீக்கியதற்கும் பதிவு இருக்க வேண்டும். கூகுள் ஷீட்டின் வெர்ஷன் ஹிஸ்டரி உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாமல் "திருத்தம்" என்று ஒரு தனித் தாவல் வைத்து, தேதி, பில் எண், முன்பு இருந்தது, இப்போது இருப்பது, காரணம் என்று ஐந்து கட்டத்தில் எழுதுங்கள். மாதம் முடிந்ததும் அந்த மாதத் தாவலைப் பூட்டிவிடுங்கள்.

தெர்மல் ரசீதுகள்தான் எனக்குப் பெரிய கவலை. கூரியர் ரசீது, தராசு ரசீது, கடைகளில் வாங்கிய பாக்கெட், டேப், அட்டைப்பெட்டி பில் எல்லாம் அந்த வழவழத் தாளில்தான் வருகின்றன. அதில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. ஜன்னல் பக்கம் வைத்தால் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் உறையில் இருக்கும் ரசாயனம் எழுத்தைத் தின்றுவிடும். செலோடேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பத்திரப்படுத்துகிறேன் என்று சூட்டில் லேமினேட் செய்தால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். அதனால் வந்த அன்றே ஏ4 கண்ணாடியில் ஆறு ஏழு ரசீதை அடுக்கி ஒரே நகலாக ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்து, படத்துக்குத் தேதி, கடை, தொகை என்று பெயர் வையுங்கள். மூலரசீதை வெறும் காகித உறையில் போட்டு ஜெராக்ஸின் பின்னால் ஊசி குத்தாமல் சொருகுங்கள்.

மழைக்காலத்தில் ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டதும் பரவும். பால்பாயின்ட்தான் நிற்கும். முகவரி ஸ்டிக்கரை இங்க்ஜெட்டில் அடித்தால் கேரள மழையில் கரைந்து பார்சல் அநாதையாகிவிடும். லேசர் பிரிண்ட் அல்லது தெர்மல் லேபிள் போடுங்கள். தெர்மல் லேபிளின் ஆயுள் பயணத்துக்குப் போதும், கணக்குக்குப் போதாது. பழைய நோட்டுகளை மிளகு, சுக்கு மூட்டை அடுக்கும் அறையில் வைக்காதீர்கள். ஈரமும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்து ஓரத்திலிருந்து தொடங்கும். இரும்பு பீரோ, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடித்தட்டைக் காலியாக விட்டு.

கம்பம் ஏலவாசம்:

ரொம்ப நன்றி. மாநிலக் கட்டத்தை இன்றே நோட்டில் கிழித்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். மார்க்கெட்பிளேஸ் பணம் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக விழுகிறது, அதை எப்படி எழுதுவது? ஏலத்தில் எடுக்கும் ஏலக்காயைச் சல்லடை போட்ட பிறகு எடை குறைகிறது. அந்தக் குறைவை எங்கே காட்டுவது?

பேரேடு33 சொன்னது:

பேங்கில் விழும் தொகையை விற்பனையாக எழுதினால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு கணக்குப் பாருங்கள். வரிக்கு முன் 1,000, வரி 50, வாடிக்கையாளர் கொடுத்தது 1,050. மார்க்கெட்பிளேஸ் கமிஷனும் டெலிவரிக் கட்டணமும் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 27. ஜிஎஸ்டி டிசிஎஸ் (மார்க்கெட்பிளேஸே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) அரை சதவீதம், 5 ரூபாய்; 2024 ஜூலை 10-க்கு முன் ஒரு சதவீதமாக இருந்தது. வருமானவரி பிடித்தம் 0.1 சதவீதம், சுமார் 1 ரூபாய். பேங்கில் விழுவது 867. ஏட்டில் விற்பனை 1,000, வரி 50 என்றுதான் இருக்க வேண்டும். 150 செலவு. 27 உள்ளீட்டு வரி (வாங்கியதற்கு நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டி), கட்ட வேண்டிய வரியில் கழித்துத் திரும்ப எடுக்கலாம். 5 ரூபாயை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். 1 ரூபாய் வருமானவரிக் கணக்கில் வரவு. 867-ஐ மட்டும் எழுதினால் விற்பனை குறைவாகக் காட்டியதாக நோட்டீஸ் வரும், ஏனென்றால் மார்க்கெட்பிளேஸ் தன் ரிட்டர்னில் 1,000 என்று காட்டியிருக்கும். அதோடு 27 ரூபாய் உள்ளீட்டு வரியும் கைவிட்டுப் போகும். இந்தப் பிடித்தங்களைக் காட்டும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை மாதந்தோறும் இறக்கி மாத ஃபோல்டரில் போடுங்கள். அது பேப்பரில் தேவையே இல்லை, பிரிண்ட் எடுத்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

சல்லடைக் கழிவுக்கு ஒரு பேட்ச் புத்தகம், இது நோட்டாகவே இருக்கட்டும், தராசு பக்கத்தில். பேட்ச் எண்ணுக்கு வாங்கிய தேதியே போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பேட்ச். மேலே ஏல லாட் எண், வாங்கிய கிலோ, விலை. கீழே 8 எம்எம் தேறியது எவ்வளவு, 7 எம்எம் எவ்வளவு, வெடிப்பு (வெடித்த காய்) எவ்வளவு, தூசி தும்பு எவ்வளவு. உதாரணமாக 20 கிலோவில் 13.4, 4.9, 1.1, மீதி 0.6 என்று நான்கும் கூடி 20-க்கு வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே மறுபடி நிறுங்கள். வெடிப்பைத் தனியாக விற்றால் அதுவும் பில்லோடு போகட்டும். சேதமானது, தொலைந்தது, சாம்பிளாகக் கொடுத்தது எல்லாம் இருப்புக் கணக்கில் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓணத்துக்கு வாடிக்கையாளருக்கு இலவசமாகப் போடும் 10 கிராம் பாக்கெட்டும் அதில் சேரும், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டிவரும். வாரத்துக்கு ஒருநாள் கையிருப்பை நிறுத்து, புத்தக இருப்போடு பாருங்கள். வெயிலில் திறந்து கிடந்த ஏலக்காய் காய்ந்து எடை குறையும், மழையில் ஈரம் இழுத்துக் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தேதியோடு எழுதி வைத்தால்தான் திருட்டா, ஈரமா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

திரும்பி வந்த பார்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய பில்லை ஷீட்டில் அழிக்காதீர்கள். தனி வரிசையில் கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு, எந்தப் பில்லுக்கு என்று எழுதி, அதே மாநிலத்தின் விற்பனையிலிருந்து கழியுங்கள். பேட்ச் புத்தகத்தில் சீல் உடையாதது மட்டும் இருப்பில் ஏறட்டும். உடைந்தது சேதக் கட்டத்துக்குப் போகட்டும்.